இரண்டு பெண்கள் விசாரிக்கப்பட்டனர்

பழைய ஏடுகளைப் படிப்பதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. படித்ததை அப்படியே நடத்திப் பார்க்க ஆசைப்பட்டால்தான் வினை. அந்த ஆசையோடு இருபத்து மூன்று வயதும், வாய்த்துடுக்கும், ஒரு டீச்சர் வேலையும் சேர்ந்துவிட்டால் போலீஸ்தான் வரும். எனக்கு வந்தது.

வருஷங்கள் போனால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் பொன்னையா கிராணியோடு பழகியதில்லை. என் கோபம் ஜாடியில் கிடக்கிற எலுமிச்சை ஊறுகாய் மாதிரி நாளாக நாளாக நன்றாக ஊறியிருக்கிறது. இப்போது எடுத்துப் பரிமாறுகிறேன், காரத்துக்கு நான் பொறுப்பில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில், ஜார்ஜ் டவுனில், ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் எஸ்தர் டீச்சர். எங்கள் தமிழ்க் கோயிலில் (கிறிஸ்தவர்களானாலும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) ஞாயிறு தவறாமல் ஒரு வார்த்தை முழங்கும். அந்த வார்த்தை, 'ஆதித் திருச்சபை'. காணிக்கை குறைந்துவிட்டதா? ஆதித் திருச்சபையில் இப்படியா இருந்தார்கள் என்பார்கள். பெண்கள் கமிட்டியில் பேசக் கூடாதா? ஆதித் திருச்சபையின் ஒழுங்கு என்பார்கள். கிராணிமார் (ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இங்கே அந்தப் பேர்) பெஞ்சிலும் கூலிவேலை செய்கிறவர்கள் பின்னால் பாயிலும் உட்காருகிறார்களே, அது ஏன்? அதுவும் ஆதித் திருச்சபைதான்! ஆதித் திருச்சபையில் பெஞ்சு இருந்ததா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். என் அப்பாவைக் கூப்பிட்டு, பெண்ணுக்குச் சீக்கிரம் மாப்பிள்ளை பாருங்கள் என்றார்கள்.

அப்போதுதான் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா, கப்பல் பெட்டியில் இடமில்லை என்று ஒரு கட்டுப் புத்தகங்களை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஆதிக் கிறிஸ்தவர்களின் எழுத்து. அப்போஸ்தலர்கள் எழுதிய நிருபங்கள், அவர்களுக்கு அடுத்த தலைமுறை எழுதிய கடிதங்கள், சாப்பிடுமுன் எப்படி ஜெபிப்பது, ஊர் ஊராக வரும் உபதேசியை எத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொள்வது (ரொம்ப நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்) என்கிற விதிகள். கூடவே, கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்த ரோமாபுரி கவர்னர் ஒருவன் தன் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணச் சாப்பாட்டின் ருசியைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இலை போட்டு உட்காரவைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் கோயிலின் பின்னறையில் பெண்களைக் கூட்டி, அந்தக் கடிதங்களைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் முனிசிபல் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள், கோயிலில் பாயில் உட்காருகிறவர்கள். கிராணி வீட்டு அம்மாமார் ஒருத்தர் இரண்டு பேர் வந்து, பாய்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் முழங்கால் வலி என்று நின்றுவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் உயிர் பாக்கியம். முனிசிபாலிட்டியில் ரோடு கூட்டுகிற வேலை, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், தெருக்கோடிக்குக் கேட்கிற குரல். நிருபங்களின் கடைசியில் ஒரு பகுதி வரும். இன்னாருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், இன்னாருக்கும் வாழ்த்துச் சொல்லுங்கள் என்று வெறும் பேர்கள். பிரசங்கம் செய்கிறவர்கள் அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பாக்கியம் என்னை மூட விடமாட்டாள்.

"பேருங்களைப் படிங்க டீச்சர்."

"அதுல ஒண்ணும் இல்லையே பாக்கியம்."

"அதுலதான் பொம்பளைங்க இருக்காங்க. மேல பூரா புத்திமதிலா. கீழதான் ஆளுங்க."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட வந்தவர்தான் பொன்னையா கிராணி. ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டியின் தலைவர். வெயிலோ மழையோ கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். குடையை விரித்து நான் பார்த்ததில்லை. அது எதிரே நிற்கிறவரைச் சுட்டிக்காட்டுவதற்கு. போதகர் பல ஊர்களுக்குப் பொறுப்பானவர் என்பதால் பாதி நாள் தைப்பிங்கிலோ ஈப்போவிலோ இருப்பார். இங்கே கிராணி வைத்ததுதான் சட்டம்.

"எஸ்தர், ரோடு கூட்டுற பொம்பளைங்களுக்கு ரோமாபுரிக் கடுதாசி எதுக்கு?" என்றார் கமிட்டி முன்னால், குடையை என் பக்கம் நீட்டி.

"நீங்க வாராவாரம் ஆதித் திருச்சபைன்னு சொல்றீங்களே ஐயா, அது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?"

"நான் படிச்சேன்" என்றேன். நீங்கள் படிக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை, ஆனால் கமிட்டியில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

கிராணியின் மீசை ஆடியது. "சரி. ஆதித் திருச்சபை எப்படிக் கும்பிட்டுச்சோ, அப்படியே ஒரு நாள் நடத்திக் காட்டு. ஒழுங்கா நடந்தா உன் சனிக்கிழமைக் கூட்டம் நடக்கட்டும். கோயிலுக்குக் கெட்ட பேரு வந்துச்சோ, பின்னறைச் சாவி என் கைக்கு வந்துடணும்."

மூளை உள்ளவளாக இருந்தால் யோசித்திருக்க வேண்டும். நான் 'ஆகட்டும் ஐயா' என்று சொல்லிவிட்டு, போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். யானை தன் தலையிலே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்போதும் அப்படித்தான் குஷியாக இருக்கும் போலிருக்கிறது.

கவர்னரின் கடிதத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். அதில் கிறிஸ்தவர்கள் செய்வதெல்லாம் வரிசையாக இருந்தது. குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், கொள்ளையடிக்கமாட்டோம், பிறன் மனைவியை நாடமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம், நம்பிக் கொடுத்த பொருளை இல்லை என்று சாதிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். பிறகு கலைந்துபோய், மறுபடியும் கூடிச் சாப்பிடுகிறார்கள். அதுவும் சாதாரணமான, குற்றமற்ற சாப்பாடு என்று கவர்னரே எழுதியிருக்கிறான்.

கோட்டைக்கு அப்பால் கடலோரத் திடலில், சனிக்கிழமை விடியுமுன், என்று ஏற்பாடு செய்தேன். விளக்கு கூடாது என்றேன். நாலைந்து பேராகச் சேர்ந்து வரக் கூடாது, தனித்தனியாக வெவ்வேறு தெரு வழியாக வரவேண்டும் என்றேன். (இது கடிதத்தில் இல்லை. அடக்குமுறைக் காலம் அல்லவா என்று நானாகச் சேர்த்தது.) கலைந்துபோய் மறுபடி வருவதற்கு யாருக்கும் நேரமில்லை என்பதால், சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னேன். லயத்துப் பெண்கள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சீனியும் என்று முடிவு செய்தார்கள்.

பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்க ஜான் என்கிற இளைஞர் வந்தார். வெள்ளைக்காரக் கடையொன்றில் வேலை, சாதுவான மனிதர், அவ்வப்போது யோசனை சொல்வதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. "ஆதிக் கிறிஸ்தவங்க மீன் படம் போட்டு அடையாளம் காட்டிக்குவாங்களாமே, மணல்ல ஒரு மீன் போடலாமா?" என்றார்.

"மீன் அந்தக் கடிதத்துல இல்லை" என்றேன்.

"அழகா இருக்குமே டீச்சர்."

"மூலத்துல இல்லாதது எதுக்கு? நாம என்ன பொன்னையா கிராணியா?"

அன்றைக்கு அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இருட்டில் எனக்கு முன்னால் திடலுக்கு வந்து, பாய் மாதிரிப் பெரிசாக மணலில் ஒரு மீனைப் போட்டுவைத்துவிட்டார். அந்த மனிதரைத்தான் பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். அது ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் போலீஸுக்கு ரகசியச் சங்கம் என்றால் தூக்கத்திலும் தூக்கிவாரிப்போடும். இருட்டில் கூடுவது, கூட்டமாகச் சத்தியம் செய்வது, ஒருவரை ஒருவர் சகோதரன் என்று அழைப்பது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, தனக்கென்று ஒரு சின்னம் வைத்துக்கொள்வது, இவையெல்லாம் அவர்கள் தேடுகிற அடையாளங்கள். பெரிய பெரிய சங்கங்களே இவற்றில் ஒன்றிரண்டை மறைத்துவிடும். நாங்கள் ஒன்றையும் மறைக்கவில்லை.

பாட்டு வரையில் எல்லாம் அமிர்தமாக இருந்தது. ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், அலைச் சத்தத்துக்கு நடுவே மாறி மாறிப் பாடினோம். பெஞ்சு இல்லாததால் எல்லாரும் மணலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கிராணி மட்டும் கோட்டு அழுக்காகும் என்று குடையை ஊன்றி நின்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. எழுந்து நின்று, "சகோதரரே, சகோதரிகளே, வலது கையை உயர்த்துங்கள்" என்றேன். எல்லாரும் கையை உயர்த்தி, "கொள்ளையடிக்கமாட்டோம்" என்று ஒரே குரலில் சொன்னபோதுதான் எங்களைச் சுற்றி லாந்தர்கள் தெரிந்தன.

மாத்தா-மாத்தாக்கள். (போலீஸ்காரனுக்கு இங்கே அதுதான் பெயர், 'கண் கண்' என்று மலாயில்.) அவர்களுக்கு நடுவே, காக்கிக் கால்சட்டையும் கைத்தடியுமாக ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். அவர் முதலில் பார்த்தது என்னையல்ல, ஆர்மோனியத்தையல்ல, மீனைத்தான்! மூலத்தில் இல்லாத அந்த ஒரே ஒரு சமாசாரத்தை!

"இது எந்தச் சங்கத்தின் சின்னம்?" என்றார் இங்கிலீஷில்.

நான் ஜானைப் பார்த்த பார்வையில் அவர் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும். அதற்குள் இன்ஸ்பெக்டர், இருப்பவர்களில் கோட்டுப் போட்டவர்தான் தலைவராக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்து கிராணியிடம் போய்விட்டார். நீர்தானே தலைவர் என்று கேட்டார்.

ஞானஸ்நானம் பெற்று நாற்பது வருஷமான கிறிஸ்தவர், கமிட்டித் தலைவர், ஆதித் திருச்சபையை மூச்சுக்கு மூச்சு முழங்குகிறவர் சொன்னார்: "நான் காற்று வாங்க வந்தேன், சார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இந்த ஸ்திரீயை எனக்குப் பழக்கமில்லை."

அடுத்த ஆளைக் கேட்டார்கள். கமிட்டியின் பொருளாளர். "முன்னே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன் சார், இப்போது விட்டுவிட்டேன்" என்றார். ரோமாபுரி கவர்னரிடமும் சில பேர் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது! அவர் அதைப் படித்ததே இல்லை, தானாகவே வந்திருக்கிறது. கவர்னர் விசாரித்தவர்கள் சக்கரவர்த்தியின் உருவத்துக்குத் தூபம் போட்டால் விட்டுவிடுவானாம். உண்மையான கிறிஸ்தவனை அப்படிப் போடவைக்க முடியாது என்பார்களாம். இங்கே யாரும் கேட்காமலே கிராணி குடையைத் தோளில் சாத்தி, விறைப்பாக நின்று, மன்னருக்கான கீதத்தைப் பாட ஆரம்பித்துவிட்டார். மற்ற கிராணிமார்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சம் முன்னே நாங்கள் பாடிய பாட்டைவிட அது சுருதி சுத்தமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாட்டு முடிவதற்குள் பாதித் திடல் காலி. கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் காற்று வாங்கியபடியே நகர்ந்துவிட்டார்கள். ஜான் மட்டும் நகரவில்லை. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாததால் நின்றார் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அதை வீரம் என்று நினைத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் பெண்கள் பக்கம் திரும்பினார். கைத்தடியால் பானை மூடியை நெம்பினார்.

"இது என்ன?"

"இடியாப்பம்."

"எதற்கு?"

"திங்கறதுக்குத்தான் துரை, வேற எதுக்கு? உருட்டி எறியவா?" என்றாள் பாக்கியம் தமிழில். மொழி புரியாவிட்டாலும் குரல் புரிந்துவிட்டது. அவளையும் என்னையும் சுட்டிக்காட்டி, "இந்த இருவரும் வரட்டும்" என்றார். சாட்சிப் பொருள் என்று பானைகளும் வந்தன.

போலீஸ் ஸ்டேஷனில் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ("கோயில்லதான் கிடைக்கல, இங்கயாவது பெஞ்சு கிடைச்சுச்சே" என்றாள் பாக்கியம்.) மாத்தாக்கள் சாட்சிப் பொருளை எங்கள் கண்ணெதிரே, தேங்காய்ப்பால் ஊற்றி, சீனி போட்டு, சாவகாசமாகச் சாப்பிட்டார்கள். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ரோமாபுரியில் சித்திரவதை என்று எழுதியிருப்பதை எனக்கு அன்றைக்கு விளங்கவைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கேட்க ஆரம்பித்ததும் நான் பொரிந்து தள்ளினேன். நாங்கள் சங்கமும் இல்லை, கலகமும் இல்லை, ரோமாபுரி கவர்னர் ஒருவன் எழுதிய கடிதத்தில் உள்ளபடி ஆராதனை நடத்தினோம் என்று முழுக் கதையையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! அதைப் பள்ளிக்கூடத்தில் லத்தீனிலேயே படித்திருக்கிறேன்" என்றார்.

அப்பாடா என்று நினைத்தேன்.

"அதே கடிதத்தில்தானே, சங்கங்கள் கூடக் கூடாது என்று கவர்னர் தடை போட்டதும் வருகிறது? உங்களிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா?"

வருகிறதுதான். அந்த வரி எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடை ரோமாபுரியோடு போய்விட்டது என்று நான் எப்படியோ நினைத்திருந்தேன். கடிதத்தைப் படித்தபோது நான் கிறிஸ்தவர்கள் பக்கம் நின்று படித்தேன். இவர் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்து படித்திருக்கிறார். "மிகவும் நிதானமான அதிகாரி" என்று அவனுக்கு நற்சாட்சி வேறு கொடுத்தார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கூடவே யார்? புதிதாகத் தேய்த்த கோட்டில் பொன்னையா கிராணி! ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் தலைவர் தலைமை தாங்க வந்துவிட்டார். "கோயில் கமிட்டித் தலைவர் நான்தான், இது எங்கள் வைகறை ஆராதனை" என்று கைகுலுக்கினார். காலையில் காற்று வாங்கிய மனிதர் இவர்தான் என்று இன்ஸ்பெக்டருக்கு ஞாபகமே இல்லை, அல்லது ஞாபகம் வைத்துக்கொள்வது அவருக்கு அவசியமாகத் தோன்றவில்லை.

அறிக்கை எழுதி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஓய்வுபெற்ற கிராணி பொன்னையாவின் தலைமையில் சில தமிழர்கள் வழிபாட்டுக்குக் கூடினர். இரண்டு பெண்கள் விசாரிக்கப்பட்டனர். அளவுமீறிய பக்தியைத் தவிர வேறெதுவும் காணப்படவில்லை.

நான் பாக்கியத்துக்குத் தமிழில் சொன்னேன். "நம்ம பேரு எழுதலியா டீச்சர்?" என்றாள்.

கேட்டேன். "அதற்கு அவசியமில்லை" என்றார் இன்ஸ்பெக்டர், நல்லவிதமாகத்தான்.

அந்த ரோமாபுரிக்காரனும் உண்மையைக் கறக்க இரண்டு பெண்களைத்தான் பிடித்தான். அடிமைப் பெண்கள், சபையில் ஊழியம் செய்தவர்கள். அவர்களைச் சித்திரவதை செய்து கேட்டதில் அளவுமீறிய மூடபக்தியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதி முடித்தான். அந்த வரியை நான் எத்தனையோ சனிக்கிழமை வாசித்திருக்கிறேன். அவர்கள் பேர் என்ன என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பசியில், கோபத்தில், முகம் தெரியாத அந்த இரண்டு பேருக்காக நான் விக்கி விக்கி அழுதேன். பயந்துபோய் அழுகிறாள் என்று நினைத்துக் கிராணி எனக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதில் மூக்கைச் சிந்தித் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அது.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடி, கோயிலுக்கு அவமானம் வந்துவிட்டது என்று தீர்மானம் போட்டது. முன்னே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்து இப்போது விட்டுவிட்ட பொருளாளர்தான் அதை வாசித்தார். சாவியைக் கொடுத்தேன். வெளியே பாக்கியமும் லயத்துப் பெண்களும் நின்றிருந்தார்கள். எல்லாம் போச்சு பாக்கியம், சாவியை வாங்கிட்டாங்க என்றேன்.

"சாவி எதுக்கு டீச்சர்? என் வீட்டுக்குக் கதவே கிடையாதுலா" என்றாள்.

சனிக்கிழமைக் கூட்டம் அவள் வீட்டு முற்றத்தில் நடந்தது. அவள் கடைசி வருஷம் வரைக்கும் நடந்தது. நிருபத்தைக் கடைசியிலிருந்து, பேர்களிலிருந்துதான் ஆரம்பிப்போம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது விருந்தாளி, குழம்பு பிரமாதம், யார் வைத்தது என்று கேட்டால் போதும். என் வீட்டுக்காரர் ஜான் இலையிலிருந்து தலை தூக்காமல், "இரண்டு பெண்கள் விசாரிக்கப்பட்டனர்" என்பார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். நான் கரண்டியோடு வந்து, பேரைச் சொல்லுங்கள் என்பேன். சொன்ன பிறகுதான் அவருக்கு மறுசோறு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். வருஷத்துக்கு ஒருநாள் கடலோரத்தில் வைகறை ஆராதனை நடத்துகிறார்களாம், ஊரே மெச்சுகிறதாம். வாசலில் புதிதாக ஒரு சலவைக்கல். 'வைகறை ஆராதனையைத் தொடங்கிவைத்த கர்மவீரர் பொன்னையா அவர்களின் நினைவாக.' கல்லின் மூலையில் ஒரு மீன் வேறு செதுக்கியிருக்கிறார்கள்!

நாளைக்கு யாராவது படித்த பிள்ளை எங்கள் சபையின் ஆதி வரலாற்றை எழுதவந்தால், போலீஸ் அறிக்கையைப் பார்க்கும், கல்லைப் பார்க்கும், இரண்டு பழைய சான்றும் ஒத்துப்போகின்றன என்று சந்தோஷமாகப் பொன்னையா பேரை எழுதிவிட்டுப் போகும். போகட்டும், ஆனால் மூன்றாவது சான்று ஒன்றும் கிடக்கட்டும்.

முனிசிபாலிட்டியில் ரோடு கூட்டிய பாக்கியத்துக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். இடியாப்பம் பிழிந்த லேயாளுக்கும், தேங்காய் துருவிய அன்னபூரணிக்கும், சீனி கொண்டுவந்த சாராளுக்கும் வாழ்த்துச் சொல்லுங்கள். ஓட முடியாமல் நின்ற ஜானுக்கும் சொல்லுங்கள். அவர்களோடு இருந்த எஸ்தராகிய நான் இதை என் கைப்பட எழுதினேன். பொன்னையா கிராணிக்கு வேண்டாம், அவருக்குக் கல் இருக்கிறது.